ஹலால் என்று கையெழுத்திடும் முன்

நெய்வேலி நகரியத்திலும் மந்தாரக்குப்பம், வடக்குத்து, இந்திரா நகர் பகுதிகளிலும் பள்ளிவாசல் பொறுப்பில் இருக்கும் முத்தவல்லிகளுக்கும், ஜமாஅத் நிர்வாகிகளுக்கும், இமாம்களுக்கும், ஆலிம் பெருமக்களுக்கும்,



என்.எல்.சி.யில் மாதக் கடைசி நாள் என்றால் பணி ஓய்வு நாள். மாலையும் சால்வையும் பாராட்டும் அன்று சாயங்காலத்தோடு முடிந்துவிடும். மறுநாளே இரண்டு கவலைகள் ஒன்றாக வந்து நிற்கும். இத்தனை வருடம் குடியிருந்த குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். கைக்கு வரும் வருங்கால வைப்பு நிதியையும் பணிக்கொடையையும் எங்காவது போட்டாக வேண்டும். சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் ஷிப்டு பார்த்த ஒருவருக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறை மொத்தமாக வரும் பணம் அது. வட்டி ஹராம் என்று நம்புகிறவர் அந்தப் பணத்தோடு முதலில் வருவது உங்களிடம்தான். வங்கி மேலாளரை அவர் பிறகுதான் பார்க்கிறார். "ஹஜ்ரத், இதுல போடலாமா? கூடுமா?" என்று கேட்கிறார்.

நீங்கள் "கூடும்" என்று சொன்னால் அவர் போட்டுவிடுவார். உங்கள் வார்த்தைக்கு இருக்கும் இந்த எடைதான் இம்மடலை உங்களுக்கு எழுத வைக்கிறது. பணம் போடுகிறவர்களுக்கு அறிவுரை சொல்லப் பலர் இருக்கிறார்கள். அவர்கள் யாருடைய சொல்லைக் கேட்டுப் போடுகிறார்களோ, அவர்களிடம் யாரும் பேசுவதில்லை.

பெங்களூரு சிவாஜிநகரில் 2019 ஜூன் மாதம் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2006-இல் தொடங்கிய ஐ மானிட்டரி அட்வைசரி என்ற ஐ.எம்.ஏ. நிறுவனம், வட்டி கிடையாது, வணிகத்தில் லாபப் பங்கு மட்டுமே என்று சொல்லிப் பணம் திரட்டியது. பணம் போட்டவர்களை எல்.எல்.பி. பத்திரத்தில் 'பங்குதாரர்' என்று எழுதிக்கொண்டது. ரமலான் முடிந்த சில நாள்களில் அதன் தலைவர் முகமது மன்சூர் கான் துபாய்க்குப் பறந்துவிட்டார். தற்கொலை செய்துகொள்ளப் போவதாக அவர் பேசிய ஒலிப்பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றியது. நிறுவனத்தின் பூட்டிய கடை முன்னால் கூட்டம் திரண்டது. புகார் வாங்கவே காவல் துறை தனியாக ஒரு மண்டபத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஏறத்தாழ 40,000 பேர் புகார் கொடுத்தார்கள். மத்தியப் புலனாய்வுத் துறை சொன்ன தொகை சுமார் ₹4,000 கோடி. அடுத்த மாதம் டெல்லி விமான நிலையத்தில் அவர் பிடிபட்டார், பணம் பிடிபடவில்லை.

அந்த வழக்கில் உங்களைத் தொடும் பகுதி வேறொன்று. நிறுவனத்தைப் புகழ்ந்து பேசி மக்களைப் பணம் போடத் தூண்டினார், அதற்குக் கைம்மாறாக வீடு பெற்றார் என்ற குற்றச்சாட்டில் ஒரு மௌலவியைச் சிறப்புப் புலனாய்வுக் குழு கைது செய்தது. ரிசர்வ் வங்கி எழுப்பிய சந்தேகத்தை விசாரித்து, தவறேதும் இல்லை என்று அறிக்கை கொடுத்த வருவாய்த் துறை அதிகாரிகளும் லஞ்சக் குற்றச்சாட்டில் கைதானார்கள். மார்க்கத்தின் பெயரால் ஒரு சான்று, அரசின் பெயரால் இன்னொரு சான்று. இரண்டையும் நம்பியவர்கள் தெருவில் நின்றார்கள். ஒரு பைசா வாங்காமல் நல்லெண்ணத்தில் அந்நிறுவனத்துக்காக வாய் திறந்த ஆலிம்களும் இருந்திருப்பார்கள். பணம் போனவருக்கு இந்த வித்தியாசத்தால் என்ன பயன்?

மோசடி எந்த ஒரு மதத்துக்கும் உரியதல்ல. 2022-இல் வெடித்த சென்னை ஆருத்ரா கோல்டு வழக்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடமிருந்து ₹2,438 கோடி திரட்டப்பட்டதாகப் பொருளாதாரக் குற்றப் பிரிவு சொன்னது. அங்கே காட்டிய ஆசை வெளிப்படையானது. லட்ச ரூபாய் போட்டால் மாதம் முப்பதாயிரம். ஆனால் 'ஹலால் முதலீடு' என்று வரும் திட்டத்தில் பணம் போடும் விதவைத் தாயோ, ஓய்வுபெற்ற ஆபரேட்டரோ பேராசையில் போடுவதில்லை. பாவத்திலிருந்து ஒதுங்குவதாக நினைத்துப் போடுகிறார்கள். அதனாலேயே கேள்வி கேட்கத் தயங்குகிறார்கள். கணக்கைக் காட்டு என்று கேட்பதே ஈமானில் குறைபோல அவர்களுக்குத் தோன்றிவிடுகிறது. அந்தத் தயக்கத்தைத்தான் இவ்வகை நிறுவனங்கள் முதலாக்கிக்கொள்கின்றன.

இதில் உங்களுக்கு ஒரு நியாயமான மனக்குறை உண்டு. வட்டியில்லா வங்கி ஒன்றை அரசே அனுமதித்திருந்தால் இந்தச் சந்துக் கடைகள் முளைத்திருக்குமா என்று கேட்கிறீர்கள். சரியான கேள்வி. ரகுராம் ராஜன் தலைமையிலான நிதித் துறைச் சீர்திருத்தக் குழு 2008-இல் வட்டியில்லா வங்கிச் சேவையைப் பரிந்துரைத்தது. தீபக் மொஹந்தி குழு 2015 டிசம்பரில், சாதாரண வங்கிகளுக்குள்ளேயே வட்டியில்லாச் சேவைக்குத் தனிச் சாளரம் திறக்கலாம் என்றது. 2017 நவம்பரில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வந்த பதிலில், அந்த யோசனையை மேற்கொண்டு எடுத்துச் செல்வதில்லை என்று ரிசர்வ் வங்கி தெரிவித்துவிட்டது. எல்லாக் குடிமக்களுக்கும் வங்கிச் சேவை சமமாகக் கிடைக்கும் வாய்ப்பு இருக்கிறது என்பது அது சொன்ன காரணம். கிடைக்கும் வட்டியைத் தொட மனமில்லாமல் கணக்கிலேயே விட்டுவைப்பவருக்கும், அதை எடுத்து நன்மையை எதிர்பாராமல் ஏழைக்குக் கொடுத்துவிடுபவருக்கும் அந்தப் பதில் போதுமானதல்ல.

சட்டத்திலும் முட்டுக்கட்டை இருக்கிறது. 1949-ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் வங்கியைச் சரக்கு வாங்கி விற்க விடாது. பொருளைத் தானே வாங்கி லாபம் வைத்து விற்கும் முராபஹாவுக்கு அங்கே இடமில்லை. சொந்தப் பயன்பாட்டுக்கு இல்லாத அசையாச் சொத்தை ஏழு ஆண்டுக்கு மேல் வங்கி வைத்திருக்கக் கூடாது. வீட்டை வாங்கி நீண்ட கால வாடகைக்கு விடும் இஜாராவும் அதில் சிக்கிக்கொள்கிறது. போட்ட முதலை வங்கி திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும் என்பதால் லாப நட்டத்தில் பங்கு கொள்ளும் முளாரபாவும் பொருந்தாது. சட்டத்தைத் திருத்தாமல் இது நடக்காது. கேரளத்தில் மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழகமே பங்கேற்ற வட்டியில்லா நிதி முயற்சி, உயர் நீதிமன்ற வழக்கைத் தாண்டி 2011-க்குப் பிறகு உயிர் பெற்றபோதும் வங்கியல்லா நிதி நிறுவனமாகத்தான் வர முடிந்தது.

இதிலிருந்து ஒரு முடிவு தானாகக் கிடைக்கிறது. இந்தியாவில் இஸ்லாமிய வங்கி என்ற உரிமம் பெற்ற நிறுவனம் இன்று ஒன்றுகூட இல்லை. ஆகவே உங்கள் பள்ளிவாசல் படியேறி வந்து 'இஸ்லாமிய வங்கி முறையில் நடத்துகிறோம்' என்று சொல்பவர் யாராக இருந்தாலும் அவர் நடத்துவது வங்கி அல்ல. வேறு எது என்று கேட்க வேண்டிய பொறுப்பு அந்த நொடியிலேயே உங்கள் தலையில் விழுகிறது.

அப்படி வருபவரின் அலுவலகத்துக்குப் போனால் சுவரைப் பாருங்கள். கண்ணாடி போட்ட காகிதங்கள் வரிசையாகத் தொங்கும். எல்.எல்.பி. பதிவு, ஜி.எஸ்.டி. எண், உத்யம் சான்று, ஐ.எஸ்.ஓ. முத்திரை, கூடவே ஒரு ஃபத்வா. பார்க்கக் கண்ணியமாக இருக்கும். முதல் நான்கில் எதுவுமே பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்க அனுமதி தராது. எல்.எல்.பி. என்பது பலர் சேர்ந்து தொழில் நடத்துவதற்கான பதிவு. ஜி.எஸ்.டி. எண் வரி கட்டுவதற்கானது. உத்யம் சிறு தொழில் என்பதற்கான பதிவு. ஐந்தாவது காகிதமான ஃபத்வா மற்ற நான்குக்கும் இல்லாத மதிப்பை அந்தச் சுவருக்குக் கொடுத்துவிடுகிறது. அது உங்களில் ஒருவர் எழுதியது.

அந்த ஃபத்வாவை எடுத்துப் படித்தால் பெரும்பாலும் இன்னாருடைய ஒப்பந்தப் படிவத்தைப் பார்த்தோம், ஷரீஅத்துக்கு முரணாக ஏதுமில்லை என்று இருக்கும். அந்த வாசகம் உண்மையாகவே இருக்கலாம். படிவம் சரி. ஆனால் வசூலான பணம் அந்தப் படிவத்தில் சொன்ன தொழிலுக்குப் போனதா? தங்கம் வாங்கியதாகச் சொன்ன ரசீது எங்கே? இந்த மாதம் கொடுத்த லாபம் வியாபாரத்தில் வந்ததா, போன வாரம் சேர்ந்தவரின் பணத்திலிருந்து எடுத்ததா? இதை எதுவும் பார்க்காமல் எழுதிய தாள் அது. படிக்கிறவரோ எல்லாவற்றையும் பார்த்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறார்.

நெய்வேலிக்காரர்களுக்கு இதை விளக்கத் தொலைவில் உதாரணம் தேட வேண்டாம். பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை வெடிக்காமல் நிற்கும். தொடக்கத்தில் கொடுத்த அனுமதிச் சான்றைக் காட்டி பம்பை நிறுத்தச் சொல்ல அங்கே யாருக்கும் துணிவு வராது. நிதி நிறுவனத்துக்கு ஷரீஅத் கண்காணிப்பும் அப்படித்தான் நடக்க வேண்டும்.

வெளியே இதை ஒழுங்காகச் செய்ய முயல்கிறவர்கள் எப்படிச் செய்கிறார்கள்? இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கு விதி வகுக்கும், பஹ்ரைனில் இயங்கும் ஆயோஃபி என்ற அமைப்பின்படி ஒரு நிறுவனத்தின் ஷரீஅத் குழுவில் குறைந்தது மூன்று பேர் வேண்டும். கருத்துச் சொல்வது ஒரு வேலை, அது நடைமுறையில் கடைப்பிடிக்கப்படுகிறதா என்று சரிபார்ப்பது வேறு வேலை என்று அது பிரித்தே வைத்திருக்கிறது. மலேசியா 1983-இல் தனிச் சட்டம் போட்டு பேங்க் இஸ்லாமைத் தொடங்கியது. 1997-இல் மத்திய வங்கிக்குள்ளேயே ஷரீஅத் ஆலோசனைக் குழுவை அமைத்தது. ஒவ்வொரு வங்கிக்கும் தனிக் குழு உண்டு. ஒருவர் ஒரே துறையில் இரண்டு நிறுவனங்களின் குழுவில் உட்காரக் கூடாது. 2013-ஆம் ஆண்டின் சட்டப்படி ஷரீஅத்தை மீறியவருக்கு எட்டு ஆண்டு வரை சிறையோ, 2.5 கோடி ரிங்கிட் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். ஆலோசனைக் குழுவின் முடிவு நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்துமா என்ற வழக்கு 2019 ஏப்ரலில் ஒன்பது நீதிபதிகள் முன் போய், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் கட்டுப்படுத்தும் என்று முடிந்தது. ஆலிமின் ஒரு கையெழுத்துக்கு எவ்வளவு பொறுப்பு இருக்கிறது என்பதை அந்த நாடு நீதிமன்றம்வரை வாதாடித் தீர்த்துக்கொண்டது.

பக்கத்து இலங்கை 2005-இல் வங்கிச் சட்டத்தைத் திருத்தியது. 2011 ஆகஸ்டில் அமானா வங்கி முழு வங்கியாகத் திறந்தது. மற்ற வங்கிகளைப் போலவே அதுவும் இலங்கை மத்திய வங்கியின் மேற்பார்வையில்தான் நடக்கிறது. மார்க்கக் கண்காணிப்பு ஒரு பக்கம், அரசுக் கண்காணிப்பு மறுபக்கம். ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்று அங்கே சொல்லவில்லை.

இரண்டும் இருந்தாலும் ஓட்டை விழும் என்பதையும் உங்களிடம் மறைக்கத் தேவையில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தின் டானா கேஸ் நிறுவனம் தானே வெளியிட்ட 70 கோடி டாலர் சுகூக் என்ற வட்டியில்லா நிதிப் பத்திரங்கள் ஷரீஅத்துக்கு ஒத்தவை அல்ல என்று 2017-இல் தானே அறிவித்து, பணம் கொடுக்க மறுத்தது. கடன்காரனே ஃபத்வாவைக் கேடயமாகப் பிடித்த கதை அது. வங்கதேசத்தில் 2025-இல் ஐந்து ஷரீஅத் வங்கிகள் ஒன்றாக இணைக்க வேண்டிய அளவுக்கு நொடித்துப் போயின. இதற்கு எதிர்ப்புறமும் உண்டு. ஆயோஃபியின் ஷரீஅத் குழுவுக்குத் தலைமை வகித்த முஃப்தி தகீ உஸ்மானி, சந்தையில் இருந்த சுகூக்குகளில் பெரும்பாலானவை விதிக்கு ஒத்துவரவில்லை என்று 2007-இல் வெளிப்படையாகச் சொன்னார். தன் துறையே கோபித்துக்கொள்ளும் என்று தெரிந்து பேசிய ஆலிம் அவர். உங்களிடம் எதிர்பார்ப்பதும் அத்தகைய பேச்சுதான்.

உள்ளூரிலேயே ஒழுங்கான வழி இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். மது, வட்டித் தொழில், அதிகக் கடன் உள்ள நிறுவனங்களை ஒதுக்கிவிட்டு மற்ற பங்குகளில் மட்டும் முதலீடு செய்யும் டாடா எத்திகல் ஃபண்ட் பல ஆண்டுகளாக நடக்கிறது. ஷரியா பீஸ் என்ற பங்குச் சந்தை நிதியும் உண்டு. இவை செபியின் பிடிக்குள் இருப்பவை. பணம் வேறொரு பாதுகாவலரிடம் இருக்கும், அன்றாட மதிப்பு அன்றே வெளியாகும். சந்தை இறங்கினால் பணமும் இறங்கும், அதை ஒளிக்காமல் எழுதியும் வைத்திருக்கிறார்கள். பணி ஓய்வுப் பணம் முழுவதையும் இதில் கொட்டச் சொல்லவில்லை. மார்க்க வடிகட்டியும் அரசுச் சட்டமும் ஒரே திட்டத்தில் சேர்ந்து இருக்க முடியும் என்பதற்கு இது சாட்சி, அவ்வளவே.

உங்களில் சிலர் எழுப்பக்கூடிய மறுப்புகளும் உண்டு. ஜமாஅத் என்ன அமலாக்கத் துறையா என்று கேட்பீர்கள். இல்லைதான். ஆனால் ஜும்ஆ முடிந்து அறிவிப்பு செய்ய ஒலிபெருக்கி கொடுப்பது நீங்கள்தான். கேட்டால் நல்ல நிறுவனமும் மனம் நோகும் என்பீர்கள். உரிமம் உள்ளவர் நோகமாட்டார், எண்ணைச் சொல்லிவிட்டுப் போவார். அவர் எத்தனையோ தர்மம் செய்கிறாரே என்பீர்கள். ஐ.எம்.ஏ. சிவாஜிநகரில் ஓர் அரசுப் பள்ளியையே தத்தெடுத்து நடத்தியது. லாபம் என்று ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறதே என்பீர்கள். மார்க்கச் சட்டத்திலேயே இதற்கு விடை இருக்கிறது. முளாரபாவில் லாபத்தை இன்ன விகிதத்தில் பிரிப்போம் என்று பேசலாம். போட்ட முதலுக்கு மாதம் இவ்வளவு என்று உறுதி கொடுத்து, முதலுக்கும் பத்திரம் எழுதிக் கொடுத்தால் அது எந்தப் பெயரில் வந்தாலும் வட்டிதான். லட்சத்துக்கு மாதம் மூவாயிரம் என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம். அந்தக் கணக்கைப் போட ஆடிட்டர் வேண்டாம், ஓதிப் படித்த ஃபிக்ஹு போதும். ஷரீஅத் சோதனையை ஒழுங்காகச் செய்தாலே பாதி மோசடி வாசலிலேயே நின்றுவிடும்.

சட்டமும் வேடிக்கை பார்க்கவில்லை. வைப்பாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தைத் தமிழ்நாடு 1997-லேயே கொண்டுவந்துவிட்டது. 2019-இல் வந்த ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டம், தெரிந்தே பொய் வாக்குறுதி சொல்லி மற்றவரைப் பணம் போட வைப்பவரையும் தண்டிக்கிறது. அது மிம்பரில் சொன்னதா, டீக்கடையில் சொன்னதா என்று அந்தச் சட்டம் பார்க்காது.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த ஜமாஅத் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் நிறைவேற்றுங்கள். அதில் ஐந்து விஷயங்கள் இருக்கட்டும்.

முதலாவது, எந்த முதலீட்டுத் திட்டத்துக்கும் பயானிலோ, பள்ளி வளாகத்திலோ, ஜமாஅத் வாட்ஸ்அப் குழுவிலோ விளம்பரம் கூடாது. ரிசர்வ் வங்கி, செபி, கூட்டுறவுப் பதிவாளர், சீட்டுப் பதிவாளர் இவர்களில் யாரிடம் பதிவு என்று கேட்டு, அந்த அலுவலகத்தின் பட்டியலிலேயே நிர்வாகம் நேரில் சரிபார்த்தால் மட்டுமே விதிவிலக்கு. ரிசர்வ் வங்கியின் சசேத் இணையதளத்தில் இதைத் தேடச் சில நிமிடம் போதும்.

இரண்டாவது, எந்த ஆலிமும் தனியாகக் கையெழுத்திடக் கூடாது. குறைந்தது மூன்று பேர், கூட ஒரு பட்டயக் கணக்காளர். எதைப் பார்த்தோம், எதைப் பார்க்கவில்லை என்று இரண்டும் எழுத வேண்டும். தேதி வேண்டும். ஓராண்டு கழித்துத் தானாகக் காலாவதியாக வேண்டும்.

மூன்றாவது, கருத்துச் சொல்பவர் அந்த நிறுவனத்திடம் சம்பளமோ, கமிஷனோ, உம்ரா பயணமோ வாங்கக் கூடாது. இஃப்தார் செலவு, ஆம்புலன்ஸ், பள்ளிவாசல் ஏ.சி. என்று வருவதும் இதில் அடங்கும்.

நான்காவது, மாதம் ஒரு நாள் அஸருக்குப் பிறகு ஓர் உதவி மேசை போடுங்கள். ஓய்வுபெறப் போகிறவர்கள் தங்களிடம் நீட்டப்பட்ட காகிதங்களைக் கொண்டுவந்து காட்டட்டும். வாழ்நாள் முழுக்க என்.எல்.சி. நிதிப் பிரிவில் கணக்குப் பார்த்து ஓய்வுபெற்றவர்கள் இந்த நகரியத்தைச் சுற்றியே இருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேரை உட்கார வையுங்கள், அவர்கள் எந்த மதத்தவராக இருந்தாலும் சரி. பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். நகை விற்ற பணத்தோடு வருபவர்கள் அவர்களில் அதிகம் இருப்பார்கள்.

ஐந்தாவது, உங்கள் பைத்துல்மாலிலிருந்து தொடங்குங்கள். வரவு எவ்வளவு, கர்ளு ஹஸனா என்ற வட்டியில்லாக் கடனாகக் கொடுத்தது எவ்வளவு, திரும்பி வந்தது எவ்வளவு என்று தணிக்கை செய்த கணக்கை ஆண்டுக்கு ஒருமுறை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். சொந்தக் கணக்கைக் காட்டுகிறவர் அடுத்தவரிடம் கணக்குக் கேட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

தீர்மானத்தின் நகலை மாநில ஜமாஅத்துல் உலமா சபைக்கும், மாவட்டத்தின் பெருமையான லால்பேட்டை ஜாமிஆ மன்பவுல் அன்வாருக்கும் அனுப்புங்கள். அங்கே ஓதும் இளம் ஆலிம்களுக்கு முளாரபா பாடத்தோடு ஒரு நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பைப் படிக்கவும் கற்றுத்தரச் சொல்லிக் கேளுங்கள். வட்டியில்லாச் சாளரம் கேட்டு ரிசர்வ் வங்கிக்கு மனு எழுதும்போது, கண்காணிப்புக் குழு எப்படி அமைய வேண்டும், அதில் யார் இருக்கக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இதுவரை போன மனுக்களைவிட அது கனமாக இருக்கும்.

இந்த மாதக் கடைசியிலும் ஓய்வுபெறுவோர் பட்டியல் ஒன்று வரும், அதில் உங்கள் மஹல்லாவைச் சேர்ந்தவர்களும் இருப்பார்கள். அவர்கள் கையில் காசோலை வருவதற்குள் பொதுக்குழுவைக் கூட்டி, தீர்மானத்தைப் பலகையில் ஒட்டிவிடுங்கள்.